‘வலி தெரியாம தூங்கட்டும்...’ கடைசி நாள்களில் போடப்படும் அந்த ஊசி, உயிரை எடுத்துவிடுகிறதா?

1939, செப்டம்பர் 21. லண்டன் ஹாம்ஸ்டெட் பகுதியில் ஒரு வீடு. கீழ்த்தளத்து அறையில், தன் புத்தகங்களுக்கு நடுவே போடப்பட்ட கட்டிலில் கிடந்தார் உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃப்ராய்ட். வயது 83. தாடையில் வந்த புற்றுநோயோடு 16 வருடப் போராட்டம். முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைசிகிச்சைகள். இப்போது புண் கன்னத்தையே அரித்துவிட்டது. ஈ மொய்க்காமல் இருக்கக் கட்டிலைச் சுற்றிக் கொசுவலை கட்டியிருந்தார்கள். அவர் உயிராக வளர்த்த நாய்கூட அந்த வாடை தாங்காமல் அறையின் மூலையில் போய் ஒண்டிக்கொண்டது.

மூளை மழுங்கிவிடும் என்று கடுமையான வலி மருந்துகளைத் தொடாமல், ஆஸ்பிரின் போன்ற சாதாரண மாத்திரைகளோடு காலம் தள்ளியவர் அவர். அன்றைக்கு முடியவில்லை. தன் மருத்துவர் மாக்ஸ் ஷூரின் கையைப் பிடித்துக்கொண்டு, பல வருடங்களுக்கு முன் அவர் கொடுத்த வாக்கை நினைவுபடுத்தினார். நேரம் வரும்போது வீணாகத் தவிக்க விடமாட்டேன் என்பதுதான் அந்த வாக்கு. மகள் அன்னாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள் என்றார். ஷூர் மார்ஃபின் ஊசி போட்டார். ஃப்ராய்ட் அமைதியாகத் தூங்கினார். ஊசி மறுபடியும் போடப்பட்டது. செப்டம்பர் 23 அதிகாலை, கண் விழிக்காமலேயே அவர் உயிர் பிரிந்தது.

ஷூர் எழுதி 1972-ல் வெளியான புத்தகத்தில் இந்தக் கடைசி நாள்களைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அவருடைய மூலக் குறிப்புகளைப் பார்த்த ஆய்வாளர்கள், புத்தகத்தில் சொன்னதைவிட மருந்து அதிகமாகவே போயிருக்கிறது என்றார்கள். ஷூர் செய்தது வலியைத் தணித்ததா, உயிரை முடித்ததா? இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதே கேள்வி நம் வீடுகளிலும் உண்டு. காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்த பிறகு, அடுப்படி ஓரத்தில் மெதுவாகக் கிளம்பும். “நேத்து சாயங்காலம் வரைக்கும் முனகிக்கிட்டாவது இருந்தாருல்ல... அந்த ஊசி போட்டதுக்கப்புறம் கண்ணே தொறக்கலயே!” கையெழுத்துப் போட்ட மகனோ மகளோ அதற்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்கள். சிலர் பல வருடங்களுக்கு அந்தக் கையெழுத்தை மனதுக்குள் சுமந்துகொண்டே இருப்பார்கள்.

ஒரு நர்ஸ் தொடங்கிய புரட்சி

ஃப்ராய்ட் இறந்த அதே லண்டனில், 28 வருடங்கள் கழித்து, 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. குணப்படுத்த முடியாத நோயாளிகள் கடைசிக் காலத்தைக் கௌரவமாகக் கழிப்பதற்கான இடம். அதைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர். இறந்துகொண்டிருப்பவர்களின் வலியை டாக்டர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று தோன்றியதால், முப்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவம் படித்து டாக்டரே ஆனவர்.

அவர் கொண்டுவந்த மாற்றம் கேட்பதற்கு ரொம்பச் சாதாரணம். நோயாளி வலியில் கத்திய பிறகு மருந்து கொடுக்காதீர்கள். வலி தலைதூக்கும் முன்பே, கடிகாரத்தைப் பார்த்து, மணிக்கணக்கு வைத்துக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் குறைந்த அளவு மார்ஃபினே போதும். ஆள் தெளிவாகவும் இருப்பார், பேரன் பேத்தியோடு பேசிக்கொண்டும் இருப்பார். வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை. பயம், பணக்கவலை, முடிக்காத சண்டைகள், ‘நான் என்ன பாவம் செஞ்சேன்’ என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்றும் அவர் சொன்னார். இன்று உலகம் முழுக்க ‘பாலியேட்டிவ் கேர்’ எனப்படும் நோய்த்தணிப்புச் சிகிச்சை இதன் மேல்தான் நிற்கிறது.

ஒழுங்காகக் கொடுத்தால் பெரும்பாலானவர்களின் வலியை மருந்துகளாலேயே அடக்கிவிட முடியும். ஆனால் ‘பெரும்பாலானவர்கள்’ என்றால் எல்லாரும் இல்லையே. 1990-ல் இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த விட்டோரியோ வென்டாஃபிரிடாவின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்ற 120 புற்றுநோயாளிகளின் கடைசி நாள்களைக் கவனித்ததில், பாதிக்கும் சற்று அதிகமானவர்களுக்குத் தூங்க வைத்தால்தான் அடங்கும் அளவுக்கு வேதனை இருந்தது. நோய்த்தணிப்பு மருத்துவர்களுக்கே இது அதிர்ச்சி. ‘எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை’ என்று பலர் மறுத்தார்கள். வேறு இடங்களில் எடுத்த கணக்குகள் பலவற்றில் விகிதம் குறைவாகத்தான் வந்தது. ஆனால் பூஜ்யம் என்று எங்கும் வரவில்லை.

‘இழுத்துக்கிட்டு இருக்கு’ என்பார்களே... அந்த நேரம்

தூங்க வைக்கும் அளவுக்குப் போகும் வேதனை என்றதும் எல்லாரும் வலியைத்தான் நினைப்பார்கள். உண்மையில் அடிக்கடி காரணமாவது வேறு இரண்டு. ஒன்று, மூச்சுத்திணறல். நுரையீரலில் புற்றுநோய் பரவிய ஒருவர் தண்ணீருக்குள் அமுக்கப்பட்டவர்போல ஒவ்வொரு மூச்சுக்கும் போராடுவதைப் பார்ப்பது கொடுமை. இன்னொன்று, ‘டெலிரியம்’ எனப்படும் சித்தப்பிரமை. சாதுவாக வாழ்ந்த மனிதர் துணியைப் பிய்த்து எறிவார், கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்ப்பார், ஐம்பது வருடம் குடும்பம் நடத்திய மனைவியை அடையாளம் தெரியாமல் பயந்து கத்துவார். ‘அப்பா இப்படியெல்லாம் பேச மாட்டாரே’ என்று பிள்ளைகள் உடைந்துபோவது இங்கேதான்.

இந்த நிலையில் நல்ல ஹாஸ்பிஸ் மருத்துவர் எடுத்த எடுப்பில் தூக்க ஊசியைக் கையில் எடுப்பதில்லை. முதலில் துப்பறிவார். அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். சிறுநீர் அடைத்துக்கொண்டு, அதைச் சொல்லத் தெரியாமல் நோயாளி ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருக்கலாம். ஒரு டியூப் போட்டதும் அரை மணி நேரத்தில் மனிதர் சமாதானமாகிவிடலாம். மலச்சிக்கல், கிருமித்தொற்று, ரத்தத்தில் ஏறிய கால்சியம், ஏற்கெனவே கொடுக்கும் மாத்திரைகளின் பக்கவிளைவு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். இவற்றையெல்லாம் சரிசெய்து பார்த்தும் அடங்கவில்லை, இருக்கும் நாள்களுக்குள் வேறு வழி எதுவும் பலன் தராது என்று தெரிந்தால் மட்டுமே அடுத்த பேச்சு. நெதர்லாந்து மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டியில், தொடர்ந்து ஆழமாகத் தூங்க வைப்பதென்றால் நோயாளிக்கு இரண்டு வாரங்களுக்குள் மரணம் எதிர்பார்க்கப்பட வேண்டும் என்று எல்லையே போட்டிருக்கிறார்கள்.

பயன்படுத்துவது பெரும்பாலும் ‘மிடசோலம்’. அறுவைசிகிச்சைக்கு முன்பு நோயாளியின் பதற்றத்தைக் குறைக்கக் கொடுக்கிறார்களே, அதே மருந்துதான். தோலுக்கு அடியில் மெல்லிய ஊசியைச் செருகி, சின்ன பம்ப் மூலம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் இறங்கிவிடும் என்பது இதன் வசதி. அளவைக் குறைத்தால் பல நேரங்களில் நோயாளி மறுபடி விழித்துக்கொள்வார். அதனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி முழுத் தூக்கம் தேவையில்லை. சிலருக்கு இரவில் மட்டும் தூங்க வைத்தால் போதும். பகலில் எழுந்து காபி குடிப்பார்கள். சிலரை ஒருநாள், இரண்டு நாள் தூங்க வைத்து எழுப்பிப் பார்ப்பார்கள். அந்த ஓய்விலேயே உடம்பு கொஞ்சம் தாக்குப்பிடித்துவிடுவதும் உண்டு. எதற்கும் அடங்காதவர்களுக்குத்தான் கடைசிவரை தொடரும் ஆழ்ந்த தூக்கம். இப்படித் தூங்குபவர்களில் பலர் சில நாள்களுக்குள் இயல்பாகவே இறந்துவிடுகிறார்கள்.

தூங்க வைப்பதற்காகவே மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போவதை இன்றைய வழிகாட்டிகள் தவறான மருத்துவம் என்கின்றன. மார்ஃபின் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் உரியது. தூக்கத்துக்கு உரியது அல்ல. அந்த வகையில் 1939-ல் ஷூர் செய்தது இன்றைய அளவுகோலுக்குள் வராது.

இது தலைக்கூத்தல் இல்லையா?

தமிழ்நாட்டில் இந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சர்யம். தென்மாவட்டங்கள் சிலவற்றில் படுத்த படுக்கையான முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து உடம்பைக் குளிரவைத்து அனுப்பிவைக்கும் தலைக்கூத்தல் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். தேசிய விருது பெற்ற ‘பாரம்’ திரைப்படம் அதைத்தான் பேசியது. அங்கே முதியவரைக் கேட்பதில்லை. அவர் செத்தால்தான் அந்தக் காரியம் ‘வெற்றி’. சாகவில்லையென்றால் மறுபடி வேறு வழி தேடுவார்கள்.

ஹாஸ்பிஸ் தூக்கத்தில் வெற்றி என்பது முகச்சுளிப்பு மறைவது, கை கால் தளர்வது, மூச்சு சீராவது. அது நடந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு சொட்டு மருந்துகூட ஏற்றக்கூடாது. பம்பின் அளவு கூடினால், ஏன் கூடியது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும். கருணைக்கொலையில் ஒரேயடியாக மரணத்துக்கான அளவு போகிறது. இங்கே அமைதிக்கான அளவு மட்டும், படிப்படியாக.

சரி, அந்த அளவிலும் ஆயுள் குறையாதா? 2009-ல் இத்தாலியின் மார்கோ மால்டோனி தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. எமிலியா-ரோமாஞா பகுதி ஹாஸ்பிஸ்களில் 518 நோயாளிகள். தூக்க மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் என்று வயது, நோய், உடல்நிலை பார்த்து ஜோடி சேர்த்து ஒப்பிட்டார்கள். ஹாஸ்பிஸில் சேர்ந்ததிலிருந்து, தூக்க மருந்து பெற்றவர்கள் வாழ்ந்த நாள்களின் நடுமதிப்பு 12, பெறாதவர்களுக்கு 9. உடனே ‘தூங்க வைத்தால் ஆயுள் கூடும்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புள்ளியியல்படி அது பெரிய வித்தியாசமே இல்லை. குறையவில்லை என்பதுதான் செய்தி. 2015-ல் காக்ரேன் அமைப்பு 14 ஆய்வுகளை, நாலாயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும், இந்தச் சிகிச்சை மரணத்தை விரைவுபடுத்துகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: நோயாளியின் வேதனை எவ்வளவு குறைந்தது என்பதை இந்த ஆய்வுகள் சரியாக அளக்கவில்லை. சாகக் கிடப்பவர்களில் சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் தண்ணீர் என்று சீட்டுக் குலுக்கிப் போட எந்த மனசாட்சியும் இடம்தராது. அதனால் இந்த விஷயத்தில் நூறு சதவிகித நிரூபணம் என்றைக்குமே வரப்போவதில்லை.

சந்தேகப்படுகிற உறவினர்களைப் ‘படிக்காதவர்கள்’ என்று ஒதுக்கவும் முடியாது. இங்கிலாந்தின் காஸ்போர்ட் வார் மெமோரியல் மருத்துவமனை பற்றி 2018-ல் ஒரு சுயாதீனக் குழு அறிக்கை கொடுத்தது. 1989 முதல் 2000 வரை, மருத்துவக் காரணமே இல்லாமல் கொடுக்கப்பட்ட கடுமையான வலி மருந்துகளால் 450-க்கும் மேற்பட்டவர்களின் ஆயுள் குறைக்கப்பட்டது என்றது அது. அவர்களில் பலர் சாகும் நிலையிலேயே இல்லை. உடம்பு தேறி வீட்டுக்குப் போகலாம் என்று வந்தவர்கள். அங்கேயும் இருந்தது இதே சின்ன பம்ப்தான். முதலில் கேள்வி கேட்டவர்கள் நர்ஸ்களும் குடும்பத்தினரும். அவர்களுடைய பேச்சு சபை ஏற இருபது வருடங்களுக்கு மேல் ஆனது.

நெதர்லாந்தில் 2005-ல் மொத்த மரணங்களில் 8.2 சதவிகிதம் இந்த ஆழ்ந்த தூக்கத்தில் நிகழ்ந்தன. 2010-ல் 12.3. 2015-ல் 18.3. பத்து வருடங்களில் வேதனை இரண்டு மடங்கானதா, அல்லது கொஞ்சம் சீக்கிரமே ஊசியை எடுக்கப் பழகிவிட்டார்களா என்று அங்கேயே கேட்கிறார்கள். பிரான்ஸ் வேறு வழியில் போனது. சாவு நெருங்கிய, எதற்கும் அடங்காத வேதனையுள்ள நோயாளி இந்தத் தூக்கத்தைக் கேட்டுப் பெறலாம் என்று 2016-ல் சட்டமே போட்டது. ஆனால் டாக்டர் தனியாக முடிவெடுக்கக் கூடாது, குழுவாகக் கலந்து பேச வேண்டும் என்பது நிபந்தனை.

பால் ஊற்றலாமா, குளுக்கோஸ் ஏற்றலாமா?

நம் வீடுகளில் பெரிய சண்டை வருவது மருந்தைப் பற்றி இல்லை, சாப்பாட்டைப் பற்றித்தான். “பட்டினி போட்டு சாகடிக்கிறீங்களா? ஒரு குளுக்கோஸ் பாட்டிலாவது ஏத்தச் சொல்லு” என்று சித்தப்பாவோ அத்தையோ சத்தம் போடுவார்கள். அவர்களுக்கும் அது பாசம்தான்.

உடம்பு விடைபெறத் தொடங்கும்போது பசியும் தாகமும் தானாகவே அடங்கிவிடுகின்றன. பெரும்பாலான நோயாளிகள், தூக்க மருந்து தொடங்கும் முன்பே சாப்பிடுவதை நிறுத்தியிருப்பார்கள். அந்த நிலையில் ஏற்றும் திரவத்தை உடம்பால் கையாள முடியாமல் கால் வீங்கலாம், நெஞ்சில் சளி கூடலாம். இன்னும் பல வாரங்கள் வாழக்கூடிய ஒருவரைத் தூங்க வைத்துத் தண்ணீரையும் நிறுத்தினால் கதை வேறு. அது ஆயுளைக் குறைக்கும். அதனால்தான் மரணம் நெருங்கியிருக்க வேண்டும் என்ற அந்த எல்லைக்கு அவ்வளவு அழுத்தம் கொடுக்கிறார்கள்.

கடைசியாகப் பால் ஊற்றும் வழக்கத்திலும் ஒரு கவனம் வேண்டும். ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவருக்கு விழுங்கத் தெரியாது. ஸ்பூனில் ஊற்றும் பால் நேராக மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். பஞ்சைப் பாலிலோ துளசித் தண்ணீரிலோ லேசாக நனைத்து உதட்டில் ஒற்றி எடுத்தால் போதும். சடங்கும் ஆனது, அவருக்கும் சிரமமில்லை. வாய் காய்ந்துவிடாமல் இப்படி அடிக்கடி ஈரப்படுத்துவது ஹாஸ்பிஸ் நர்ஸ்களின் அன்றாட வேலைகளில் ஒன்று. தொண்டையில் கேட்கும் கடகட சத்தமும் அப்படித்தான். சுற்றி நிற்பவர்களைத்தான் அது பயமுறுத்தும், ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவர் அதை உணர்வதில்லை என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

மருந்து இருக்கிறது, ஆனால்...

இந்தியாவில் நிலைமை தலைகீழ். வெளிநாடுகளில் ‘ஊசி சீக்கிரம் போடுகிறார்களோ’ என்று கவலை. இங்கே, சாதாரண வலி மருந்தே கிடைக்காமல் துடிப்பவர்கள் அதிகம். சட்டப்படி அபினி விளைவிக்கும் முக்கிய நாடுகளில் ஒன்று இந்தியா. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால், மார்ஃபின் வைத்திருக்க ஒரு மருத்துவமனை பல லைசென்ஸ்களுக்கு அலைய வேண்டியிருந்தது. பல இடங்களில் ‘எதுக்கு வம்பு’ என்று விட்டுவிட்டார்கள். அந்த மருந்தைக் கையாளவே தெரியாமல் ஒரு தலைமுறை டாக்டர்கள் படித்து வெளியே வந்தார்கள். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கப்பட்ட வலி நிவாரண இயக்கமும், அதன் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நடத்திய நீண்ட போராட்டத்தில் 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் நோய்த்தணிப்பு சேவையும் உண்டு. அக்கம்பக்கத்தில் யாராவது படுக்கையில் இருந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்கலாம்.

மார்ஃபினே சரியாகப் போய்ச் சேராத இடத்தில், ‘எல்லா வழியும் பார்த்தாச்சு, இனி தூங்க வைப்பதுதான்’ என்று ஒருவர் சொன்னால், எல்லா வழி என்றால் எது எது என்று கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. நோய்த்தணிப்புச் சிகிச்சை தெரிந்த மருத்துவர் பார்த்தாரா? இரவில் மட்டும் தூங்க வைத்துப் பார்க்க முடியுமா? என்ன மருந்து, எவ்வளவு ஆழம், யார் எப்போது வந்து பார்ப்பார்கள்? இதற்கெல்லாம் நின்று பதில் சொல்பவர்தான் நல்ல டாக்டர்.

சட்டம் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும், அதை எளிமையாக்கிய 2023 உத்தரவும் வென்டிலேட்டர் போன்ற உயிர்காக்கும் கருவிகளை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது பற்றியவை. உயிரை முடிக்க ஊசி போடுவது இந்தியாவில் இன்றும் குற்றம். வேதனையைத் தணிக்கத் தூங்க வைப்பது இரண்டிலும் சேராது, அது சிகிச்சை. ஆனால் அந்த மருத்துவ உயிலை எழுதும் நாளில், ‘கடைசியில் என்னைத் தூங்க வைக்கலாமா, எவ்வளவு தூரம்’ என்பதையும் வீட்டில் பேசி வைத்துவிடலாம். ஃப்ராய்ட் அதைத்தான் செய்தார். நல்ல நினைவோடு இருந்தபோதே டாக்டரிடம் வாக்கு வாங்கினார், மகளிடம் சொல்லச் சொன்னார். நம் வீடுகளில், நோயாளிக்கு என்ன நோய் என்பதையே அவரிடம் சொல்லாமல் மறைத்துவிட்டு, கடைசி நாளில் எல்லா முடிவையும் ஒற்றை மகனின் தலையில் கட்டுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கம் தொடங்கிவிட்டால் திரும்பப் பேச முடியாமல் போகலாம். அதனால் நல்ல ஹாஸ்பிஸ்களில் பம்பை ஓடவிடும் முன், முடிந்தால் ஒரு மணி நேரமாவது குடும்பத்துக்கு விட்டுக்கொடுப்பார்கள். ஊரிலிருந்து வர முடியாதவர்கள் வீடியோ காலில் வருவார்கள். பத்து வருடம் பேசாமல் இருந்த தம்பிகூட அந்த நேரத்தில் வந்து நிற்பதுண்டு.

அதற்குப் பிறகு பேசுவதில் அர்த்தமே இல்லையா என்றால், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத விஷயம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வான்கூவர் ஹாஸ்பிஸ் ஒன்றில் சாவுக்குச் சில மணி நேரமே இருந்த, எதற்கும் அசையாத நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். ஒலி மாறும்போது அவர்களில் சிலரின் மூளை, ஆரோக்கியமானவர்களின் மூளைபோலவே எதிர்வினை காட்டியது. 2020-ல் இது வெளியானது. கேட்டது புரிந்ததா என்பது வேறு கேள்வி; காதில் விழுகிறது என்பது மட்டும் தெரிகிறது.

ஹாஸ்பிஸ் நர்ஸ்கள் இந்த ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க சில மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தூங்க வைத்து இரண்டு நாள் ஆகியிருக்கும், கண் இமைகூட அசையாது. நர்ஸ் குனிந்து, தோளில் கைவைத்து, எப்போதும்போலச் சொல்வார்: “அம்மா, வலது பக்கம் திருப்பப் போறேன்மா. கொஞ்சம் ஜில்லுனு இருக்கும், பயப்படாதீங்க.”